மருந்து படாத சரிவு

கஹவத்தையில் இறங்க வேண்டிய நான் கொடகவெலையில் கண் விழித்தேன். விடியற்காலை விமானம், அதன் பிறகு அரை நாள் பேருந்து. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்ததுதான் தெரியும். நடத்துநரிடம் "கஹவத்தை?" என்று கேட்டேன். அவர் வந்த வழியைக் கைகாட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பேருந்தே சிரித்தது. முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பி, "மூணு தடவ சத்தம் போட்டாராம், நீங்க அசையவே இல்லையாம்" என்று தமிழில் சொன்னார்.

இறங்கிய இடத்தில் ஒரு பலசரக்குக் கடை. முதலாளி தமிழர். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த புகைப்பானை உற்றுப் பார்த்தார். தேனீயை அமைதிப்படுத்தப் புகை விடும் தகரக் குவளை அது. விமான நிலையத்திலும் இதே பார்வைதான்.

"என்னாங்க இது, சாமிக்குச் சாம்பிராணி போடுறதா?"

"தேனீக்குங்க."

"ஓ, தேனிங்களா உங்க ஊரு?"

ஊர் மார்த்தாண்டம் பக்கம், தேனீ என் தொழில் என்று விளக்கினேன். அவருக்கு ஒரே குஷி. மீன் வைத்த மாலுபாண் ஒன்றும் பால் இல்லாத தேநீரும் கொடுத்து, எதிர்ப்பக்கம் போகும் பேருந்தை அவரே கை நீட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார். எங்கள் ஊர் பேக்கரியில் பப்ஸுக்குள் பாதி முட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே மாலுபாணைக் கடித்த முதல் கடியிலேயே மீனும் காரமும் வந்துவிட்டன.

கஹவத்தை நிலையத்தில் புஷ்பராணி குடையோடு நின்றிருந்தாள். நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் முறை. ஆனால் அவள் குரல் எனக்கு ஆறு மாதப் பழக்கம்.

நான் இருபது வருடமாக ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்துப் பிழைப்பவள். பெட்டி திறப்பதை என் மகள் கைப்பேசியில் படம் எடுத்து வெளியிட்டாள். அதைப் பார்த்துத்தான் புஷ்பராணி எனக்குக் குரல்செய்தி அனுப்பினாள். "அக்கா, எங்க தோட்டத்துல பொம்பளைங்க எட்டுப் பேரு சேந்து எட்டுப் பெட்டி வச்சோம். ஏழுல இருந்த தேனீ பறந்து போயிருச்சு. பெட்டியில என்னா பிழைன்னு பாத்துச் சொல்லுங்க." படம் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. கடைசியில் நானே வந்துவிட்டேன். ஜூன் மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

தேயிலைத் தோட்டம் டவுனுக்கு மேலே. ஆட்டோ பாதி மலையில் நின்றுவிட்டது. போன மாத மழையில் மேட்டு மண் சரிந்து பாதையின் பாதியை மூடியிருந்தது. கொழுந்து ஏற்றிய லொறி இரண்டு நாள் அதில் மாட்டிக்கொண்டதாக ஆட்டோக்காரர் சொன்னார். மீதி வழியைச் சேற்றில் நடந்தோம்.

புஷ்பராணியின் வீடு லயத்தின் கடைசி வீடு. ஒரே கூரைக்கடியில் வரிசையாக வீடுகள், முன்னால் ஒரு நீள வாசல். தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் வைத்தாள். அந்தச் சம்பலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவது ரொட்டியை நானே கேட்டு வாங்கினேன்.

அவள் கணவர் சிவலிங்கம் வேலை முடிந்து வந்தார். முதுகில் இருந்த டாங்கியை வெளியிலேயே இறக்கி, சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கை கழுவினார். தோட்டத்தில் புல்லை அழிக்க மருந்து அடிப்பது அவர் வேலை. "வாங்கக்கா" என்றதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தன்னைக் குற்றம் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புஷ்பராணி என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். பூசணிக்கொடி தரை முழுக்கப் படர்ந்திருந்தது. எங்கள் ஊரில் மத்தங்காய் என்போம். அவள் பக்கத்துச் சிங்களவர்களைப் போல வட்டக்கா என்றாள். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிழித்தெறிந்து, நடுவில் இருந்த மஞ்சள் தண்டைப் பெண் பூவுக்குள் விட்டுத் தேய்த்தாள். அடுத்த பூ, அதற்கடுத்த பூ. பக்கத்துக் கொல்லைகளிலும் பெண்கள் குனிந்து இதையே செய்துகொண்டிருந்தார்கள்.

"இப்படிச் செய்யலைன்னா பிஞ்சு எல்லாம் அழுகி விழுந்துருதுக்கா. பெரட்டுக்கு முந்தி முடிக்கணும். பிந்திப் போனா கணக்கப்பிள்ளை ஏசுவாரு."

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம். கணக்கப்பிள்ளை, அங்கே வேலை பிரித்துக் கொடுப்பவர். தேனீ செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டு, இந்தப் பெண்கள் அதற்கு மேல் மலையேறிக் கொழுந்து பறிக்கிறார்கள்.

அவர்கள் மலைக்குப் போனதும் பெட்டிகளைத் திறந்தேன். எறும்பு இருக்கும், மெழுகுப்புழு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எதுவும் இல்லை. நன்றாகச் செய்த பெட்டிகள், துடைத்து வைத்தது போலச் சுத்தம். உயிரோடு இருந்த எட்டாவது பெட்டியில் ராணி இருந்தாள், தேனீக்கள் கொஞ்சம் இருந்தன. ஆனால் குஞ்சுகளுக்கு ஊட்ட மகரந்தம் விரல் நகம் அளவுகூட இல்லை.

எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை பச்சை. ஆனால் ஒரு பூ இல்லை. தேயிலையைப் பூக்க விடாமல் கொழுந்திலேயே கிள்ளிவிடுகிறார்கள். கீழே ரப்பர் மரங்கள், துளிர் விடும் மாதங்களில் இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். எங்கள் ஊர்த் தேன் முழுக்க அதுதான். ஆனால் இனிப்பு நீர் சோறு மாதிரி, மகரந்தம் பருப்பு மாதிரி. வெறும் சோற்றில் பிள்ளை வளராது. ஜூன் மாதத்தில் அந்தச் சோறும் கிடையாது. லயத்து வாசல், தண்ணீர் ஓடும் கான் ஓரம், பாதை ஓரம் எல்லாம் மருந்தடித்துப் பழுப்பாகக் கிடந்தன. தேனீக்கள் பறந்து போகாமல் என்ன செய்யும்?

அப்படியானால் இந்த எட்டாவது கூட்டம் எப்படித் தங்கியது? பெட்டி முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். மழை விட்டதும் ஈக்கள் வெளியேறின. திரும்பி வந்தவற்றில் சிலவற்றின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டை இருந்தது. எல்லாம் பிள்ளை மடுவத்துப் பக்கமிருந்தே வந்தன. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம் அது.

அதன் பின்னால் போய்ப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு செங்குத்துச் சரிவு. முழுக்கத் தொட்டாற்சிணுங்கியின் ஊதாக் குஞ்சங்கள், வெள்ளைத் தும்பை, மேலே இன்னும் பூக்காத ஆளுயரக் காட்டுச் சூரியகாந்தி. தேனீ மட்டுமா? நீல வரி போட்ட தேனீ, பெரிய கருவண்டு, வண்ணத்துப்பூச்சி என்று ஒரு சந்தையே கூடியிருந்தது.

மாலையில் சொன்னேன். புஷ்பராணி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"அந்த எடத்துல நான்தான் அடிக்கலீங்க. மழைக்கு வழுக்கும். டாங்கியோட ஏறினா விழுந்து காலு ஒடிஞ்சிரும். ரெண்டு ரவுண்டா விட்டுட்டேன். கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது."

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டாவது பெட்டியைக் காப்பாற்றியவர் அவர்தான்.

சிரிப்பு ஒரு நாள்தான் நீடித்தது. அடுத்த நாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் சிவலிங்கத்தை நிறுத்தி வைத்துக் கேட்டாராம். "மடுவத்துக்குப் பின்னுக்கு என்னா காடா வளக்குற? திங்கக்கிழம கம்பெனிப் பெரியவங்க தோட்டம் பாக்க வாறாங்க. சனிக்கிழமக்குள்ள அடிச்சு முடிச்சிரணும்." அன்று புதன்கிழமை.

புஷ்பராணி கூடையை இறக்கி வைத்த வேகத்தில் சொன்னாள். "நாளைக்கு நாங்க தொரையப் பாக்கப் போறோம்."

"என் வேலைக்கு ஒல வச்சிராத" என்றார் சிவலிங்கம்.

"ஒங்க பேரு வராது. எங்க பேரச் சொல்லித்தான் கேப்போம்."

"கேட்டா? அடிக்காம விட்டது யாருன்னு கேக்க மாட்டாரா?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சோறும் பருப்பும் கருவாடும் சாப்பிட்டோம். நான் வந்ததே தப்போ என்று தோன்றியது. நான் ஊருக்குப் போய்விடுவேன். அவர் இங்கேதான் வேலை செய்ய வேண்டும்.

தோட்டத்து மேலாளரைத்தான் தொரை என்கிறார்கள். வெள்ளைக்காரர் இருப்பார் என்று பயந்துகொண்டு போக வேண்டாம். முப்பது வயதுக்குள் இருக்கும் சிங்களப் பையன், கால்சட்டையில் சேறு. மறுநாள் பெண்கள் எட்டுப் பேரும் நானும் ஆபீஸ் வராந்தாவில் ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார். நான் ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவு தயாரித்து வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. புஷ்பராணி சிங்களத்தில் ஆரம்பித்தாள். அருவி மாதிரி கொட்டினாள். பக்கத்தில் நின்ற பெண் என் காதில் தமிழாக்கினாள்.

தேனீ போனதைச் சொன்னாள், பூசணிப் பூவைச் சொன்னாள், சரிவை விட்டுத் தரும்படி கேட்டாள். வீட்டு ஓரமெல்லாம் தாங்களே பூச்செடி வைத்துப் பராமரிப்பதாகச் சொன்னாள்.

தொரை நிதானமாகக் கேட்டார். "போன வருஷம் லயத்துக்கிட்ட புல்லு வளர்ந்து பாம்பு வருதுன்னு கடிதம் கொடுத்தது நீங்கதானே? முதல் கையெழுத்து உங்களுடையதுதான்."

அது உண்மை. புஷ்பராணி தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். நான் என் சொற்பொழிவைத் தேடினேன். பாம்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர் காகிதங்களைப் பார்க்கத் தொடங்கினார். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி சிவலிங்கம் நின்றிருந்தார். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்குச் சிங்களம் மனைவி அளவுக்கு வராது போல, பாதி தமிழிலேயே பேசினார்.

"சேர், அந்தச் சரிவுல மருந்து அடிக்காம விட்டது நான்தான். பிழைதான். ஆனா ஒண்ணு சொல்றேன். போன மாச மழையில லொறி மாட்டுச்சே, அந்த எடத்துல நான் ஒழுங்கா அடிச்சேன். ஒரு புல்லு விடல. மண்ணு பூரா ரோட்டுக்கு வந்துச்சு. மடுவத்துக்குப் பின்னுக்கு அதவிடச் செங்குத்து. அங்க ஒரு புடி மண்ணு விழல. கீழ புள்ளைங்க இருக்குற எடம் சேர் அது."

தொரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். குடைகூட எடுக்காமல் தூறலில் நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். சரிவில் கையை ஊன்றி ஏறி, ஒரு செடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வேரோடு ஒட்டியிருந்த மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். பக்கத்துத் தும்பைப் பூவில் தேனீ ஒன்று அவரைப் பொருட்படுத்தாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இறங்கி வந்து, அதற்குள் ஓடி வந்திருந்த கணக்கப்பிள்ளையிடம் சிங்களத்தில் நாலைந்து வரி சொன்னார். என் காதருகே நின்ற பெண் மொழிபெயர்ப்பதை மறந்து கைதட்டிவிட்டாள். பிறகுதான் சொன்னாள். சோதித்துப் பார்க்க, வருகிற பெப்ரவரி வரைக்கும் இங்கே மருந்து இல்லை. லயத்தைச் சுற்றியும் இல்லை. வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டடி அகலத்துக்குப் புல்லைக் கத்தியால் ஒட்ட வெட்டி வைக்க வேண்டும், பாம்புக்காக. கான் அடைபடக் கூடாது. தண்ணீர் எங்கும் தேங்கக் கூடாது. வெட்டுகிற வேலை சிவலிங்கத்துக்கு, அதே நாட்சம்பளத்தில்.

சிவலிங்கம் தொப்பியைப் போட்டுக்கொண்டார். புஷ்பராணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாண வீட்டில்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லயமே கொல்லையில் இறங்கியது. மழை நாள், குச்சி நட்டால் பிடிக்கும் காலம். சண்டை ஒன்றே ஒன்றுதான் நடந்தது, எதை எங்கே நடுவது என்று. பூக்கடையில் விற்கும் அடுக்கு இதழ் ரோஜா வேண்டுமென்றார்கள் சிலர். அதில் தேனீக்கு ஒன்றும் கிடைக்காது, ஒற்றை இதழ்ப் பூ வையுங்கள் என்றேன். ஒரே மாதத்தில் எல்லாம் பூத்து ஓய்ந்தால் மறுபடி பட்டினி என்பதால், மாதத்துக்கு ஒன்றாவது பூக்கும்படி யோசித்தோம். தை மாசிக்கு வேலி நெடுகக் கிளிரிசீடியா மரம். மழைக்குத் தொட்டாற்சிணுங்கியும் தும்பையும் ஏற்கெனவே இருக்கின்றன. மழை விட்டதும் காட்டுச் சூரியகாந்தி. கம்பிவேலியில் கொடி ரோஜா, பேர்தான் ரோஜா. எங்கள் ஊரில் தேனீ வளர்ப்பவர் வீட்டில் அந்த இளஞ்சிவப்புக் கொடி இல்லாமல் இருக்காது. அவர்கள் அதைக் கோயில் மதிலில் கண்டுபிடித்து வெட்டி வந்தார்கள்.

கீழ்க் கிராமத்திலிருந்து சோமா என்ற சிங்களப் பெண் ஒரு கூடை நாற்றோடு ஏறி வந்தாள். "மதுருதலா" என்றாள். முகர்ந்து பார்த்தேன், நம் துளசி. அவள் தோட்டத்திலும் பாகற்காய் காய்ப்பதில்லையாம். "உங்க தேனீ வேலி பாத்தா நிக்கும்? எங்க வீட்டுக்கும் வரட்டும்" என்று அவள் சொன்னதாகப் புஷ்பராணி சொன்னாள்.

வாசல் ஓரத்து மண்சுவரில் துளை துளையாக இருந்ததைச் சாந்து பூசி அடைக்கப் போனார்கள். ஓடிப்போய்த் தடுத்தேன். நீல வரித் தேனீயின் வீடு அது. பட்டுப்போன மரக்கட்டை ஒன்றையும் எரிக்காமல் மூலையில் நட்டோம், கருவண்டு குடியிருக்க. அது வந்தால்தான் கொடித்தோடை காய்க்கும். பாசன்பழத்துக்கு அங்கே அதுதான் பெயர். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தோம். கொசு வந்துவிடாமல் தினமும் தண்ணீர் மாற்றுவது மடுவத்து ஆயாவின் பொறுப்பு.

மதியம் ஈரப்பலாக்காய்க் கறியும் சோறும். எங்கள் ஊரில் கடச்சக்கை என்பார்கள், என் அம்மா வைக்கும் கறிதான் உலகத்திலேயே சிறந்தது என்று நினைத்திருந்தேன். மன்னிக்கவும் அம்மா.

திங்கட்கிழமை பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சரிவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் செவ்வாய் கிளம்பினேன்.

அதன் பிறகு குரல்செய்திகள். செப்டம்பரில், "அக்கா, எட்டாம் பெட்டி கனமா இருக்கு." நவம்பரில், "பூசணிக்குக் கை வைக்கல, தானா காய்க்குது. காலையில ஒரு மணி நேரம் கூடத் தூங்குறோம்." ஜனவரியில், "சோமா அக்கா பாகற்காய் கொண்டாந்து குடுத்தாங்க, எங்களுக்கே போதும்னு ஆயிருச்சு." பெப்ரவரியில் ஒரே வரி. "வந்து பாருங்க."

இந்த முறை இரவுப் பேருந்து. கண்ணை மூடவே இல்லை.

காலை பெரட்டு முடியும் நேரத்துக்குத் தோட்டத்தை அடைந்தேன். பாதை ஓரம் கிளிரிசீடியா இலையெல்லாம் உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. லயத்தைக் காணோம், செடிகளுக்கு மேலே கூரை மட்டும் தெரிந்தது. ஆனால் சுவரிலிருந்து இரண்டு பாகம் ஒட்ட வெட்டியிருந்தது. சிவலிங்கம் வாக்குத் தவறவில்லை.

யாரும் வீட்டில் இல்லை. கூச்சல் கொழுந்து மடுவத்திலிருந்து வந்தது. ஓடினேன். கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியில் பலாக்காய் அளவுக்கு ஒரு கறுத்த கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் பெட்டியில் இடம் போதாமல் பிரிந்து வந்த தேனீக் கூட்டம். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர், கூடையோடு.

முன்னால் கையை அகல விரித்துக்கொண்டு ஒருவர் கத்தினார். "யாரும் கிட்ட வராதீங்க! எவனாவது பொகை போட்டான், மருந்து அடிச்சான், பாத்துக்குவேன்! புஷ்பராணியக் கூப்புடு, வெறும் பெட்டி ஒண்ணு கொண்டார!"

கணக்கப்பிள்ளை!

புஷ்பராணி பெட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் நிற்கவில்லை. நான் உதவிக்குக் கை நீட்டவும் இல்லை. பெட்டியை அவள் கொத்துக்கு அடியில் பிடித்தாள். சிவலிங்கம் கொக்கியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். கொத்து மொத்தமாகப் பெட்டிக்குள் விழுந்தது. சிதறியவை சிறிது நேரம் வட்டமிட்டன. பிறகு வாசல் பலகையில் நாலைந்து ஈக்கள் இறங்கி, வயிற்றைத் தூக்கிச் சிறகடித்துத் தங்கள் கூட்டத்தைக் கூப்பிட ஆரம்பித்தன. ராணி உள்ளே இருக்கிறாள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் வரிசையில் நடந்து உள்ளே போயின.

"இதோட ஆறு பெட்டி நெறஞ்சிருச்சுக்கா" என்றாள் புஷ்பராணி. "இன்னும் ரெண்டுதான் காலி."

அன்று அந்தத் தோட்டத்தில் எல்லாரும் வேலைக்குப் பிந்தித்தான் போனார்கள். கணக்கப்பிள்ளை யாரையும் ஏசவில்லை. கடைசி ஈ உள்ளே போகும்வரை அவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.